கான்கிரீட்டுக்கு நாடி பார்ப்பது யார்?

3 மாதத்தில் போன பாலம் சொல்லும் பாடம்

திருவண்ணாமலை:

16 கோடி ரூபாய் செலவு. திறந்து மூன்றே மாதம். வெள்ளம் வந்தது, பாலம் போனது!

திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே தென்பெண்ணை ஆற்றில் கட்டப்பட்ட உயர்மட்டப் பாலத்தின் கதை இது.

2024 செப்டம்பர் 2-ந்தேதி திறப்பு விழா. டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை கொட்டித் தீர்த்தது. சாத்தனூர் அணையில் இருந்து நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பாய்ந்து வந்த வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது.

பாலம் கட்டியது சுமார் 54 ஆயிரம் கனஅடி வெள்ளத்துக்கான கணக்கில். வந்ததோ அதைப்போல் பல மடங்கு என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள்.

கணக்கு சரியாகவே இருக்கட்டும். மழை யார் பேச்சையும் கேட்டுப் பெய்வதில்லை என்பதும் வாஸ்தவம்தான்.

ஆனால் தினமும் பாலத்தைத் தாண்டிப் பிழைப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "இது இன்னும் தாங்குமா, தாங்காதா?" அதைப் பாலத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லையா?

வழி இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை!

கட்டடம் பேசும்!

கான்கிரீட் பெரும்பாலும் சொல்லாமல் விழுவதில்லை. முதலில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விடும். அப்புறம் செம்பழுப்பில் துருக்கறை வடியும். அப்புறம் காரை பெயர்ந்து கம்பி பல்லை இளிக்கும். கடைசியில்தான் 'படார்'!

சென்னை திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27-ந்தேதி குடிசை மாற்று வாரிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்தது. 24 வீடுகள் தரைமட்டம். ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. காரணம், விரிசலைப் பார்த்துப் பதறிய மக்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டார்கள்.

அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்னால், டிசம்பர் 17-ந்தேதி, நெல்லையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் பலியானார்கள்.

பத்து நாள் இடைவெளியில் இரண்டு சம்பவம். ஒரு இடத்தில் மக்கள் முந்திக்கொண்டார்கள். இன்னொரு இடத்தில் சுவர் முந்திக்கொண்டது.

எத்தனை காலத்துக்குத்தான் ஜனங்களின் கண்ணையும் காதையும் நம்பியே காலம் தள்ளுவது?

உள்ளே இருக்கும் எதிரி

கான்கிரீட்டுக்கு எதிரி வெளியே இருப்பதைவிட உள்ளே இருப்பதுதான் அதிகம். அதன் பெயர் துரு.

நல்ல சிமெண்டுக் கலவை கம்பிக்குக் கவசம் மாதிரி. அதற்குள் இருக்கும் வரை கம்பி துருப்பிடிக்காது. ஆனால் காற்றில் உள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறிப்போய் அந்தக் காரத்தன்மையைக் கெடுக்கிறது. கடலோரமாக இருந்தால் உப்பும் சேர்ந்துகொள்ளும். கவசம் போனதும் கம்பியில் துரு ஏறும்.

துரு சும்மா இருக்காது. இரும்பு இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடத்தை அது அடைக்கும். உள்ளே இருந்துகொண்டே கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியே தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் துரு இன்னும் கூடும். இப்படியே போய், ஒரு நாள் 'தொப்' என்று காரை விழும்.

கம்பிக்கும் சென்டிரிங் பலகைக்கும் நடுவே வைக்கிற சின்னஞ்சிறு கவர் பிளாக்கை மிச்சம் பிடித்தால், பிற்காலத்தில் தூணையே மாற்ற வேண்டி வரும். இது எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் சொல்வார்.

இத்தாலி நாட்டில் ஜெனோவா நகரம். 1967-ல் திறந்த மொராண்டி பாலம் 2018 ஆகஸ்டு 14-ந்தேதி கொட்டும் மழையில் ஒடிந்து விழுந்தது. 43 பேர் பலி. அந்தப் பாலத்தைத் தாங்கிய எஃகு வடங்களுக்கு மேலே கான்கிரீட் போர்த்தியிருந்தார்கள். உள்ளே வடம் துருப்பிடித்தது. வெளியே பார்த்தவர் கண்ணுக்குக் கான்கிரீட்தான் தெரிந்தது!

பாலம் விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளம் வரும்போது தூணின் அடியில் மண் அரித்துக்கொண்டு போய்விடும். மேலே தார் ரோடு பளபளவென்று இருக்கும். கீழே தூண் அந்தரத்தில் நிற்கும். மேலே நின்று பார்க்கிறவருக்கு என்ன தெரியும்?

கண்ணாடித் துண்டு வைத்தியம்

பழைய கொத்தனார்களிடம் ஒரு வித்தை இருந்தது. சுவரில் விரிசல் விட்டால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு பக்கமும் சிமெண்டு அப்பிவிடுவார்கள். தேதியும் எழுதி வைப்பார்கள். நாலு மாதம் கழித்துக் கண்ணாடி முழுசாக இருந்தால் பயமில்லை. உடைந்திருந்தால் விரிசல் இன்னும் நகருகிறது என்று அர்த்தம்.

பானை வாங்குகிறவர் தட்டிப் பார்த்து வாங்குவதும் அதே வித்தைதான். 'டங்' என்றால் நல்ல பானை. 'டொக்' என்றால் கீறல்.

இந்த இரண்டையும் ராத்திரி பகல் பாராமல் செய்கிற பொருள்கள் இப்போது வந்துவிட்டன. 'ஸ்மார்ட்' பொருள்கள் என்கிறார்கள். சூழ்நிலை மாறினால் தானும் மாறுகிற பொருள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அதில் ஒன்று எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. கேஸ் அடுப்பு பற்ற வைக்கும் லைட்டர்! பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கிற ஒரு துண்டு நசுங்குகிறது. நசுங்கினால் மின்சாரம் பிறக்கிறது. பொறி பறக்கிறது. 1880-ல் பிரான்சு நாட்டு கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த சங்கதி இது. 'பீசோ' என்று பெயர்.

அதே ஜாதித் துண்டைத் தபால்தலை அளவுக்குச் செய்து, தூணிலோ கம்பியிலோ ஒட்டிவிடலாம். தூணில் இழுப்போ நசுக்கலோ ஏற்பட்டால் மின்சாரம் மூலம் அது சேதி சொல்லும். அது மட்டுமல்ல. நாலு சொட்டு மின்சாரம் கொடுத்தால் அதுவே துடித்துத் தூணைத் தட்டும். திரும்பி வரும் அதிர்வைக் கேட்கும். உள்ளே கீறல் விழுந்திருந்தால் அதிர்வு மாறும். பானை தட்டுகிற கையும் அதுவே, கேட்கிற காதும் அதுவே!

வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவருகிற கண்ணாடி இழையும் இந்த வேலைக்குப் பயன்படுகிறது. கான்கிரீட்டுக்குள் அதைப் பதித்துவிட்டால், கட்டடம் எங்கே இழுபடுகிறதோ அந்த இடத்தில் உள்ளே ஓடும் ஒளி மாறும். எந்தத் தூண், எத்தனை அடி உயரம் என்று சொல்லிவிடலாம்.

கரி இழையைக் கலவையிலேயே கலந்து, கான்கிரீட்டையே உணர்கிற பொருளாக்கும் ஆராய்ச்சி 1990-களிலேயே அமெரிக்காவில் நடந்தது. பாரம் ஏறினால் அந்தக் கான்கிரீட்டில் மின்சாரம் ஓடும் அளவு மாறும்.

தானே ஆறும் புண்

நோயைச் சொன்னால் போதுமா? மருந்து வேண்டாமா?

வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதைப் பார்க்காத வீடு உண்டா? அதேபோல் விரிசலுக்குள் சுண்ணாம்பு படியவைத்தால் என்ன?

ஹாலந்து நாட்டில் டெல்ப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்க் யோங்கர்ஸ் என்ற விஞ்ஞானி அதைத்தான் செய்தார். கலவையில் ஒருவகை பாக்டீரியாவின் விதையையும் அதற்கான தீனியையும் சேர்த்துவிடுகிறார்கள். தண்ணீர் படாத வரை அது தூங்கும். விரிசல் விட்டுத் தண்ணீர் உள்ளே போனால் விழித்துக்கொள்ளும். தீனியைத் தின்று சுண்ணாம்பை உண்டாக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசல் தானாகவே அடைபடும். விலை அதிகம்தான். ஆனால் தண்ணீர்த் தொட்டி, சுரங்கப்பாதை மாதிரி அடிக்கடி ஒழுகுகிற இடத்துக்கு யோசிக்கலாம்.

இன்னொரு சரக்கு, வளைத்தாலும் பழைய உருவத்துக்கே திரும்பி வரும் உலோகம். மிதித்துவிட்டாலும் நிமிர்ந்துகொள்கிற மூக்குக்கண்ணாடி பிரேம் இருக்கிறதே, அதே நிக்கல் - டைட்டானியம் கலவை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு பாலத்தின் தூண்களில் இந்தக் கம்பியை 2017-ல் வைத்துக் கட்டினார்கள். நிலநடுக்கத்தில் ஆடினாலும் தூண் நேராகத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

இது புதுக் கட்டடத்துக்கு மட்டும் உள்ள சரக்கும் அல்ல. இத்தாலியில் அசிசி என்ற புண்ணியத் தலம் இருக்கிறது. 1997-ல் அங்கே நிலநடுக்கம். 13-ம் நூற்றாண்டு தேவாலயத்தின் கூரை இடிந்து உள்ளே இருந்த நான்கு பேர் பலியானார்கள். பழுது பார்த்தபோது இந்த உலோகத்தால் ஆன கருவிகளைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே வைத்தார்கள். 1999-ல் கோவில் மறுபடி திறந்தது. பழமையும் கெடவில்லை. பக்தர்களுக்கும் பயம் நீங்கியது.

பாம்பனில் நின்ற ரயில்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சமாச்சாரம். நம்ம ஊர்ல நடக்குமா சார்?" என்று கேட்கலாம்.

நடந்திருக்கிறது. தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் பகுதியில், சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் உணரும் கருவிகளைப் பொருத்தினார்கள். 2022 டிசம்பர் 23-ந்தேதி கருவிகள் அபாய அறிகுறி காட்டின. உடனே ரயில் நிறுத்தப்பட்டது. ராமேசுவரம் பயணிகளுக்குச் சிரமம்தான். மண்டபத்தோடு இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் எல்லாரும் உயிரோடு பஸ் பிடித்தார்கள்! அதன்பிறகு அந்தப் பாலத்தில் பயணிகள் ரயில் ஓடவே இல்லை. 2025 ஏப்ரல் 6-ந்தேதி புதுப் பாலம் திறக்கப்பட்டது.

அது இரும்புப் பாலம். ஆனால் பாடம் கான்கிரீட்டுக்கும் அதேதான். கருவி சொன்னது. அதிகாரிகள் கேட்டார்கள். ரயில் நின்றது.

இதில் முக்கியமானது நடுவில் இருக்கிற வார்த்தை. கேட்டார்கள்!

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் 2007 ஆகஸ்டு 1-ந்தேதி ஒரு பாலம் ஆற்றில் விழுந்து 13 பேர் பலியானார்கள். மறு ஆண்டே அதே இடத்தில் கான்கிரீட் பாலம் எழுந்தது. இந்தத் தடவை 300-க்கும் மேற்பட்ட கருவிகளை உள்ளேயே பதித்துவிட்டார்கள். பட்ட பிறகு வந்த புத்தி. வந்ததே, அது பெரிசு.

இங்கே வித்தை தெரிந்த ஆளுக்கும் பஞ்சமில்லை. சென்னை தரமணியில் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. துருவோடு மல்லுக்கட்டும் ஆராய்ச்சிக்குக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1953-ல் இருந்து நடக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த இடத்தில் எழுந்தது. ஆரணியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது.

ஆள் இருக்கிறது. அறிவு இருக்கிறது. உத்தரவுதான் இல்லை!

அணைக்குச் சட்டம், பாலத்துக்கு?

2021-ல் மத்திய அரசு அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பெரிய அணை என்றால் கருவி வைத்தே ஆக வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு சோதனை, பின்னால் ஒரு சோதனை நடத்தியே ஆக வேண்டும். 1958-ல் திறந்த, 119 அடி கொள்ளளவு மட்டம் உள்ள சாத்தனூர் அணைக்கும் இது பொருந்தும்.

சரி. அணைக்குச் சட்டம் இருக்கிறது. அணைக்குக் கீழே அதே தண்ணீரில் நிற்கிற பாலத்துக்கு?

பாலத்தைச் சோதிப்பது எப்படி என்று இந்திய சாலை காங்கிரசின் வழிகாட்டிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் அணைக்கு இருப்பதுபோல் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் பாலத்துக்கு இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு இல்லை. பஸ் நிலையத்துக்கு இல்லை. நெல்லைச் சம்பவத்துக்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்கச் சொன்னார்கள், பழுதானவற்றை இடித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது ஒரு தடவைச் சோதனையா, வருஷா வருஷம் நடக்கிற சோதனையா என்பதில்தான் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

திருவண்ணாமலைக்கு இந்தக் கவலை மற்ற ஊரைவிட ஒரு பங்கு அதிகம்.

கார்த்திகை தீபம் வருவதே வடகிழக்குப் பருவமழையில்தான். லட்சக்கணக்கான ஜனம் குவியும் நாளும், கான்கிரீட் நன்றாக ஊறியிருக்கும் நாளும் ஒன்றே. பவுர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம். மழை வந்தால் கூட்டம் எங்கே ஒதுங்கும்? கண்ணில் படுகிற கட்டடத்தின் கீழேதான்.

217 அடி ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது என்பார்கள். நானூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. கும்பாபிஷேகம், திருப்பணி என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். அதைச் சுற்றி நேற்று எழுந்த கான்கிரீட்டுக்குத் திருப்பணி செய்கிறவர் யார்?

2024 டிசம்பர் 1-ந்தேதி மலையில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரே வீட்டில் ஏழு பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு நிபுணர்கள் வந்து மலையைச் சோதித்தார்கள். ஈரம் ஊறிய மலை பாதுகாப்பானது அல்ல என்றார்கள். டிசம்பர் 13-ந்தேதி தீபத்தன்று பக்தர்களை மலை ஏற விடவில்லை. பலருக்கு மனக்குறைதான். ஆனாலும் அரசு நிபுணர் பேச்சைக் கேட்டது.

மலைக்குச் செய்ததைக் கான்கிரீட்டுக்கும் செய்தால் என்ன?

பணம் எங்கே?

இப்படிக் கேட்டால் வழக்கமான பதில் ஒன்று வரும். "நிதி இல்லை."

எல்லாக் கட்டடத்துக்கும் கருவி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெரும்பாலான இடத்துக்கு ஒரு என்ஜினீயரின் கண்ணும், கையில் ஒரு சுத்தியலும், நாலு கண்ணாடித் துண்டும் போதும். அதில் சந்தேகம் வந்த இடத்துக்குத் தரமணியிலோ காரைக்குடியிலோ ஆள் கேட்கலாம். தென்பெண்ணை, செய்யாறு பாலங்கள், பெரிய மேல்நிலைத் தொட்டிகள், ஆஸ்பத்திரி, கூட்டம் கூடுகிற மண்டபங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் கருவி. இனிமேல் கட்டும் பாலமாக இருந்தால் டெண்டரிலேயே அந்தச் செலவைச் சேர்த்துவிடலாம். 16 கோடியில் ஒரு சிறு பங்கு கண்காணிப்புக்கு என்று ஒதுக்கினால் யாருக்கு நஷ்டம்?

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். கருவி வைத்துவிட்டால் கெட்ட கான்கிரீட் நல்ல கான்கிரீட் ஆகிவிடாது. சிமெண்டைக் குறைத்தவனுக்குக் கருவி கேடயம் ஆகக் கூடாது. கணக்குக்கு மேல் நாலு மடங்கு வெள்ளம் வந்தால் எந்தக் கருவியும் பாலத்தைப் பிடித்து நிறுத்தாது. ஆனால் பாலத்தின் மேல் இருக்கிற பஸ்சை முன்கூட்டியே நிறுத்த முடியும். பாலம் போனால் மறுபடி கட்டலாம். பஸ்சில் இருக்கிறவர் போனால்?

அதோடு, கருவி சொல்வதைப் படிக்க ஒரு ஆள் வேண்டும். பேட்டரி தீர்ந்தால் மாற்ற ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் திறப்பு விழா அன்று மாலை போட்ட கருவி, அடுத்த வருஷம் சிலந்திக் கூடு கட்டும் பெட்டியாகிவிடும்!

ஒரு போர்டு போதும்

இதற்கெல்லாம் முதல் படி ரொம்பச் சுலபம்.

ஒவ்வொரு பாலத்திலும், தொட்டியிலும், பள்ளிக்கூடத்திலும் ஒரு போர்டு மாட்ட வேண்டும். கட்டிய ஆண்டு. கட்டிய கான்டிராக்டர். கடைசியாகச் சோதித்த தேதி. அடுத்து சோதிக்க வேண்டிய தேதி. பொறுப்பான என்ஜினீயரின் பதவி, ஆபீஸ் போன் நம்பர். இவ்வளவுதான்.

திறந்து வைத்தவர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்க இடம் இருக்கிறதே, சோதித்தவர் பதவியை எழுத இடம் இருக்காதா?

லாரிக்கு எப்.சி. காட்டாமல் ரோட்டில் ஓட முடியாது. எடைக்கல்லுக்கு முத்திரை இல்லாமல் கடைக்காரர் வியாபாரம் செய்ய முடியாது. நூறு பேர் மேல் நின்று போகிற பாலத்துக்கு மட்டும் ஏன் எப்.சி. வேண்டாம்?

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சோதனை. தீபம் முடிந்து, மழை ஓய்ந்த பிறகு ஒரு சோதனை. அணைக்குச் செய்வதுபோல் வருஷத்துக்கு இரண்டு. அறிக்கையைக் கலெக்டர் ஆபீசிலும் நகராட்சி வாசலிலும் ஒட்டினால் ஜனமே படித்துக்கொள்ளும்.

பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. பூச்சில் விழுகிற மெல்லிய கீறல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் பீம் முனையில் சாய்வாக விரிசல், கம்பி ஓடுகிற கோட்டிலேயே நீளமாக விரிசல், பழுப்புக் கறை, நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று மூட மறுப்பது, இவற்றைக் கண்டால் அசட்டை கூடாது. கடைக்காரர்கள் மேலே பூச்சு பூசி, பெயிண்டு அடித்து மறைத்துவிடுகிறார்கள். அது புண்ணுக்குப் பவுடர் போடுகிற வேலை. முதலில் என்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அப்புறம்தான் கொத்தனார்.

தென்பெண்ணையில் மறுபடி வெள்ளம் வரும். அண்ணாமலையில் மறுபடி தீபம் ஏறும். லட்சக்கணக்கில் ஜனமும் வரும். அதற்குள் மாவட்டத்தில் உள்ள பாலங்களிலும் தொட்டிகளிலும் எது திடமாக இருக்கிறது, எது திணறுகிறது என்ற பட்டியல் கலெக்டர் மேஜைக்கு வர வேண்டும்.

கான்கிரீட் பேசுகிறது. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் காது கொடுப்பார்களா?